வரிக்கு எட்டு இடம்

என் கை வேகம் பம்பாய் மாட்டுங்காவில் தெரியாதவர்கள் குறைவு. டைப்பிங் ஹையர் பரீட்சையில் முதல் வகுப்பு. நிமிஷத்துக்கு எண்பது வார்த்தை, அதுவும் பக்கத்தில் ஒருத்தர் நின்று வம்பளந்துகொண்டிருக்கும்போதே. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன், அதில் யாருக்கு என்ன நஷ்டம். ஆனால் அந்தக் கைதான் ரஷீதாவின் தலையில் கல்லைப் போட்டது. அதனால் கையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில் நாணு மாமாவின் டைப்பிங் கடையில் பதினாறு வருஷமாக வேலை செய்கிறேன். எண்பத்தேழு ஆரம்பத்தில் மாமா ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, இரண்டு ஃபிளாப்பி, கரகரவென்று கத்தும் ஒரு பிரிண்டர். மாமாவின் அண்ணா பிள்ளை பஞ்சு செம்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் இருந்தான். அவன் மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்து அதில் டைப் அடிக்கிற வேர்ட்ஸ்டார் என்ற புரோகிராமை எனக்குச் சொல்லிக்கொடுத்தான். இருபத்திரண்டு வயசுப் பையன் எனக்கு டைப்பிங் சொல்லிக்கொடுத்தான். அந்த எரிச்சலிலேயே பாதி காதில் ஏறவில்லை.

"மாமி, வரி முடியறச்சே என்டர் தட்டாதீங்கோ. அது தானா அடுத்த வரிக்குப் போகும். பத்தி முடிஞ்சாத்தான் தட்டணும்" என்றான்.

சொல்வது சுலபம். டைப்ரைட்டரில் வரி முடிவில் மணி அடித்ததும் கை தள்ளும், கை தள்ளினால் அடுத்த வரி வரும். டைப் பழகிய நாளிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். இந்தத் திரையில் நான் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வார்த்தை என்னைக் கேட்காமல் தாவிக் கீழே போய் உட்கார்ந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவன் யார் என் வரியை முடிக்க? புஸ்தகத்தைப் புரட்டி, அந்தத் தாவலை நிறுத்துகிற விசை எது என்று கண்டுபிடித்து நிறுத்திவிட்டேன். அதன் பிறகு அது நான் சொன்னபடி கேட்டது. வரி முடிந்தால் என்டர், இடைவெளிக்காக இன்னொரு என்டர், பத்தி ஆரம்பத்தில் ஸ்பேஸ் ஐந்து தட்டு. காகிதத்தில் அச்சுப் போல வந்தது. பிறகு என்ன வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

ரஷீதா வந்தது ஜூன் மாசம். தாராவிப் பெண். அவளுடைய வாப்பா ஷாகுல் ஹமீது அங்கே தோல் பதனிடும் பட்டறை வைத்திருந்தார். அந்தப் பட்டறைகளின் கழிவுத் தண்ணீரிலிருந்து குரோமியத்தை எப்படிப் பிரித்தெடுப்பது என்பதுதான் இவளுடைய பிஎச்.டி. ஆறு வருஷம், வாரம் தவறாமல், சாக்கடைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். பக்கத்து சீட்டில் ஒருவரும் உட்காரமாட்டார்களாம். "நல்லதாப் போச்சு மாமி, கால நீட்டிட்டு வருவேன்" என்பாள்.

இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அறுபத்துமூன்று அட்டவணை. நான் அடிக்க அடிக்க அவள் பின்னால் நின்று ஒவ்வொரு எண்ணையும் சரிபார்த்தாள். தலைக்கு மேலே நிற்காதே என்று முதல் வாரம் கத்தினேன். அவள் பாட்டுக்கு நின்றாள். மூன்றாவது வாரம் என் சாப்பாட்டு டப்பாவில் பாதி அவளுக்கு என்று ஆகிவிட்டது. எனக்குக் குழந்தைகள் இல்லை. அதைப் பற்றி நான் பேசுவதும் இல்லை. அவள் ஒருநாள் வராவிட்டால் கடை வெறிச்சென்று இருந்தது என்று மட்டும் சொல்லுகிறேன்.

ஆகஸ்டு மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை யூனிவர்சிட்டியில் தீசிஸைக் கொடுக்கப் போனவள் அதைத் தூக்கிக்கொண்டே திரும்பி வந்தாள்.

"மார்ஜின் சரியில்லன்னுட்டாங்க மாமி" என்றாள். கவுன்டரில் இருந்தவர் ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்தாராம். இந்த வருஷம் விதி மாறியிருக்கிறது. பைண்டிங்குக்காக இடது பக்கம் ஒன்றரை அங்குலம் விட வேண்டும், வலது பக்கம் ஒன்று. நான் இடது பக்கம் விட்டிருந்தது ஒரு அங்குலம், வலது பக்கம் முக்கால்.

"லாஸ்ட் டேட் என்னிக்கு?"

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணி. ஏற்கெனவே ஒரு வருசம் நீட்டி வாங்கினதுதான். இனிமே நீட்ட மாட்டாங்க."

வெள்ளிக்கிழமை அந்தக் கவுன்டரில் கொடுத்து ரசீது வாங்காவிட்டால் அவளுடைய பதிவு செத்துப்போகும். ஆறு வருஷ வேலையும் அதோடு போகும். சயானில் ஒரு கல்லூரியில் தற்காலிகமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அந்த ரசீதைக் காட்டினால் வேலை நிரந்தரம். காட்டாவிட்டால் அடுத்த பேர் தயாராக இருந்தது. அவளுடைய கைடும் மாசக் கடைசியில் ரிடையர் ஆகிறார். இதெல்லாம் எனக்குத் தெரியும். அவள் முகத்தில் பயம் தெரியவில்லை. என்னைப் பார்த்த பார்வையில், மாமி இருக்கும்போது என்ன கவலை என்பது போல இருந்தது.

நாணு மாமா சிரித்தார். "இதுக்குத்தானே கம்ப்யூட்டர் வாங்கினேன். வரிக்கு இத்தனை எழுத்துன்னு ஒரு நம்பரை மாத்தினா அத்தனை பக்கமும் தானா சரியாயிடும். போய் டீ குடிச்சுட்டு வாடி கொழந்தே."

நானும் அப்படித்தான் நம்பினேன். வரிக்கு அறுபத்தைந்து எழுத்து இருந்தது. இனி ஐம்பத்தேழு. எட்டு எழுத்து இடம், அவ்வளவுதான். நம்பரை மாற்றி, பத்தியைத் திருப்பி அடுக்கச் சொல்லும் விசையைத் தட்டினேன்.

திரையைப் பார்த்தேன். ஒரு வரி வந்தது. அதற்கு அடியில் ஒரே ஒரு வார்த்தை அனாதையாக நின்றது. பிறகு இடைவெளி. மறுபடி ஒரு வரி, மறுபடி அடியில் ஒரு வார்த்தை. பக்கம் பக்கமாக அப்படியே. நான் வரிக்கு வரி தட்டிய என்டரையெல்லாம் அது சட்டமாக எடுத்துக்கொண்டிருந்தது. இந்த வரி இங்கே முடியவேண்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன், அது கேட்டிருக்கிறது. மீதிவிழும் எட்டு எழுத்துக்கு அதற்கு வேறு போக்கிடம் இல்லை.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. யாரும் சொல்லவேண்டிய அவசியமில்லை.

புதன்கிழமை காலையில் பஞ்சு அரைநாள் லீவு போட்டு வந்தான். ரஷீதாவும் வந்திருந்தாள். பஞ்சு கோப்பைத் திறந்து திரையின் வலது ஓரத்தைப் பார்த்தான். அங்கே ஒவ்வொரு வரிக்கும் நேராக முக்கோண வாயைத் திறந்த மாதிரி ஒரு குறி நின்றது. என்டர் தட்டிய இடத்துக்கு அது அடையாளம். மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் இருந்தது.

"மாமி, இது அத்தனையும் நீங்க தட்டின…" என்று ஆரம்பித்தான்.

நாணு மாமா குறுக்கே விழுந்தார். "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன், மிஷின் ஏதோ மக்கர் பண்றதுன்னு. தானா எதையோ போட்டு வெச்சிருக்கு. நீ சரிபண்ற வழியைப் பாருடா."

பஞ்சு மாமாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் டேபிள் துணியைப் பார்த்தேன்.

"மிசின்ல கோளாறா மாமி?" என்று ரஷீதா கேட்டாள்.

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். நிமிஷத்துக்கு எண்பது வார்த்தை அடிக்கிறவளுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

"ஆமாம் போல இருக்கு" என்றேன்.

"நாசமாப் போற மிசின்" என்றாள் அவள். என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அந்த இடம் எனக்கு இன்னும் எரிகிறது.

பஞ்சு சின்ன எழுத்தில் அடித்துப் பார்க்கலாமா என்றான். சின்ன எழுத்தில் வரி அடங்கியது. ஆனால் இந்தப் பிரிண்டர் பெரிய எழுத்தில்தான் நன்றாக அடிக்கும். சின்ன எழுத்து புள்ளி புள்ளியாக விழுந்தது. புள்ளி தெரிகிற எழுத்து கூடாது என்று விதித்தாளிலேயே போட்டிருந்தது. அதோடு அந்த யோசனையும் முடிந்தது. அவனுடைய ஆபீஸ் மிஷின்களில் வெளி வேலையைத் தொடவிட மாட்டார்கள்.

கடைசியில் ஒரு வழி சொன்னான். "பத்தி ஆரம்பத்துல எல்லாம் அஞ்சு ஸ்பேஸ் இருக்கு இல்லையா, அங்கே ஒரு குறி போட்டு வெச்சுக்கலாம். அப்பறம் மீதி என்டரை எல்லாம் தேடித் தேடி அதுவே எடுத்துடும். பத்தி பிழைச்சுக்கும். டேபிளை மட்டும் இதுல விட முடியாது மாமி. விட்டா அத்தனை நம்பரும் ஒண்ணா சேர்ந்து ஓடிடும். அதையெல்லாம் தனியா எடுத்து வெச்சுட்டு, கையாலதான் பண்ணணும்."

அரைநாள் லீவில் வந்தவன் முழுநாளும் இருந்தான். அட்டவணைகளைப் பிரித்து, ஏழு அத்தியாயத்தையும் ஒவ்வொன்றாக அந்த வழியில் விட்டு எடுப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. பத்திகள் பிழைத்துக்கொண்டன. வரி குறுகியதில் பக்கம் இருநூற்று நாற்பதாக வளர்ந்தது. அட்டவணை அறுபத்துமூன்றும் அப்படியே நின்றன.

அட்டவணையையும் நான் ஸ்பேஸ் தட்டித் தட்டிக் கண்ணளவில்தான் அமைத்திருந்தேன். ஆறு நெடுவரிசையாக எண்கள். இந்த எண்ணுக்கும் அந்த எண்ணுக்கும் நடுவில் ஒன்பது இடம், பன்னிரண்டு இடம் என்று என் இஷ்டத்துக்கு விட்டிருந்தேன். இப்போது ஒவ்வொரு வரியிலிருந்தும் எட்டு இடத்தைப் பிடுங்கவேண்டும். ஒரே இடத்தில் எட்டையும் பிடுங்கினால் வரிசை இடிக்கும். இங்கே இரண்டு, அங்கே ஒன்று என்று பார்த்துப் பிடுங்கவேண்டும். பிடுங்கிய பிறகு மேலே இருக்கிற புள்ளிக்கு நேராகக் கீழே புள்ளி வருகிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு அட்டவணைக்கு இருபத்தைந்து, முப்பது வரி.

ராத்திரி உட்காரலாம் என்றால் அதற்கும் வழியில்லை. போன வருஷம் பக்கத்துக் கடையில் தீப்பிடித்ததிலிருந்து எட்டு மணிக்குக் கடைகளின் மெயினை வாட்ச்மேன் அணைத்துவிடுவான். நாணு மாமா கட்டடத்துச் சொசைட்டி செக்ரட்டரியிடம் போய்க் கெஞ்சினார். மாமா கெஞ்சி நான் பார்த்ததில்லை. ஒருத்தருக்காக விட்டால் எல்லோரும் கேட்பார்கள் என்று அந்த மனுஷர் கதவைச் சாத்திவிட்டார்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். ரஷீதா பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டு பழைய பிரதியிலிருந்து எண்களைப் படித்தாள். "சைபர் பாயின்ட் நாலு ரெண்டு. அதுக்கு நேரா ஒண்ணு பாயின்ட் சைபர் எட்டு." நான் திரையில் பார்த்து, இடம் பிடுங்கி, அடுத்ததற்குப் போனேன். முதல் அட்டவணைக்கு அரைமணி ஆயிற்று. பழகப் பழக இருபது நிமிஷத்துக்கு வந்தது. அதற்குக் கீழே வரவில்லை. என் வேகம் இந்த வேலைக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. ஒரு இடம், பிறகு ஒரு இடம், பிறகு ஒரு இடம். யாராவது என் விரலைப் பிடித்துத் தரையில் தேய்ப்பது போல இருந்தது.

மத்தியானம் ஒரு அட்டவணையில் ஒரு இடம் அதிகமாகப் பிடுங்கிவிட்டேன். பாதி வரை அதைக் கவனிக்காமல் போய், குரோமிய அளவெல்லாம் தேதியோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

"நீ வாயைத் திறந்து சொல்லப்படாதா? எதுக்குப் பக்கத்துல ஒக்காந்திண்டிருக்கே?" என்று அவள்மேல் பாய்ந்தேன்.

அவள் எழுந்துபோய் டீ வாங்கிக்கொண்டு வந்து வைத்தாள். அவள் திருப்பிக் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அந்த டீயைக் குடிக்கும்போது, இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று பிடுங்கியது. கல்லாவில் இருந்த நாணு மாமா என் முகத்தைப் படித்திருக்க வேண்டும். அவள் கை கழுவப் போனபோது பக்கத்தில் வந்தார்.

"ஷ்யாமளா, வாயை வெச்சுண்டு சும்மா இரு. சொன்னா அவளுக்கு மார்ஜின் வந்துடப் போறதா? கடை பேருதான் போகும்."

மாமா சொன்னதில் ஒரு பாதி நிஜம். சொல்வதால் ஒரு இடம்கூடக் குறையப்போவதில்லை. அந்தப் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

எட்டு மணிக்கு வாட்ச்மேன் மெயினை அணைத்தபோது இருபத்தொன்பது அட்டவணை முடிந்திருந்தது. மீதி முப்பத்துநான்கு. பிறகு பிரிண்டரில் அடிப்பது ஒன்று இருக்கிறது என்பதை நான் நினைக்கவேயில்லை. நினைக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு நடந்து போகும்போது, முதல் நாலு அத்தியாயத்தைக் காலையில் அடிக்க விட்டுவிடலாம், அதற்குள் மீதி அட்டவணையை முடித்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இருப்பதே ஒரு மிஷின்தான். அடிக்கும்போது திருத்த முடியாது. திருத்தும்போது அடிக்க முடியாது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். பதினாறு வருஷமாகக் கடையில் இருக்கிறவள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணியிலிருந்து பதினொன்றரை வரை இன்னும் ஏழு அட்டவணை. முப்பத்தாறு. அதற்கு மேல் காத்திருக்க முடியாது என்று முதல் அத்தியாயத்தை அடிக்கக் கொடுத்தேன். பிரிண்டர் நல்ல எழுத்தில் ஒரே வரியை இரண்டு தடவை அடிக்கும். போகும், திரும்பி வரும், மறுபடி அதே வரியில் போகும். ஒரு பக்கம் வர மூன்று நிமிஷம். நான் கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையிலேயே ஒரு வேலை நடக்கும்போது நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ரஷீதா ஒவ்வொரு பக்கமாகக் கிழித்து, ஓரத்து ஓட்டைப் பட்டையை நீக்கி, அடுக்கினாள். ஸ்கேல் வைத்து அளந்தாள். ஒன்றரை அங்குலம் கச்சிதமாக இருந்தது. மிகவும் அழகாக இருந்தது.

இரண்டு மணிக்கு நாற்பத்தெட்டாவது பக்கம் வந்தது. அவள் அதையும் கிழித்து அடுக்கிவிட்டு, "மாமி, போதும். நிறுத்திருங்க" என்றாள்.

"என்னடி நிறுத்தறது? இன்னும் நேரம் இருக்கு. நாலு மணிக்குக் கிளம்பினாக்கூட…"

"ஒரு பக்கத்துக்கு மூணு நிமிசம். இருநூத்தி நாப்பது பக்கம். பன்னெண்டு மணி நேரம் பிரிண்டுக்கே வேணும் மாமி. எனக்குப் புதன்கிழமையே தெரியும்."

நான் அவளையே பார்த்தேன். ஆறு வருஷம் மில்லிகிராம் எண்ணியவளுக்கு இந்தக் கணக்கு வராதா?

"தெரிஞ்சுண்டா ரெண்டு நாள் எம்பக்கத்துல ஒக்காந்திருந்தே? ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்ல? நீங்க சோறு தண்ணி இல்லாம எனக்காகச் செய்யுதீங்க. முடியாதுன்னு சொன்னா உங்க மனசு கஷ்டப்படும்லா?" என்றாள். "வாப்பாட்ட நேத்தே சொல்லிட்டேன். கைலிய மடிச்சுக் கட்டிட்டுப் பட்டறைக்குப் போயிட்டாவ."

பிரிண்டர் நாற்பத்தொன்பதாவது பக்கத்தின் நடுவில் இருந்தது. நான் நிறுத்தவில்லை. அவளே கையை நீட்டி ஸ்விட்சை அணைத்தாள். கடையில் பஸ் சத்தம் மட்டும் கேட்டது. நாணு மாமா கல்லாவைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினார்.

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். ஆறு வருஷத்தைப் பறிகொடுத்தவள் எனக்குச் சமாதானம் சொன்னாள்.

"விடுங்க மாமி. வேற யாராச்சும்னா மிசின் கெட்டுப்போச்சுன்னு செவ்வாக்கிழமையே கைய விரிச்சிருப்பாங்க. நீங்க விரிச்சீங்களா?"

"ரஷீதா, அந்த மிஷின்…" என்றேன்.

"மிசினப் பத்திப் பேசாதீங்க. கேக்கவே பிடிக்கல." என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "மறுபடி பதிவு பண்ண விடுவாங்களா, எந்த சார் எடுத்துக்குவாங்க, ஒண்ணும் தெரியல. பண்ணினா இந்தக் கம்ப்யூட்டரே வேண்டாம். பழைய டைப்ரைட்டர்லயே நீங்களே அடிச்சுக் குடுங்க. எவ்வளவு நாளானாலும் சரி. உங்க கை தப்புப் பண்ணாது மாமி."

நாணு மாமா என்னைப் பார்க்கவில்லை. என் விரல்கள் அவள் கைக்குள் இருந்தன. அவள் கை குளிர்ந்திருந்தது. சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தேன். வாயைத் திறந்தேன்.

"மழை வரும்போல இருக்கு. என் குடையை எடுத்துண்டு போ" என்றேன்.

அவள் பழைய பிரதியைப் பையில் போட்டுக்கொண்டாள். புதிதாக அடித்த நாற்பத்தெட்டுப் பக்கத்தையும் கசங்காமல் மேலே வைத்துக்கொண்டாள். குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று திரும்பினாள்.

"திங்கக்கிழமை கொண்டாந்து தந்துருதேன் மாமி" என்றாள்.